ஹிதர், விதர், வேர்ஃபோர்: ஒரே முகம் கொண்ட பழைய ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரித்தறிவது?

கேட்டவர் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்து ஆங்கிலக் கிரயப் பத்திரம் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. ஹியர்இன்ஆஃப்டர், தேர்ஆஃப், வேர்ஆஸ், ஹியர்அன்டு என்று வரிக்கு வரி ஒரே மாதிரியான சொற்கள். அகராதியைப் புரட்டினால் ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ், ஹிதர், திதர், விதர் என்று இன்னொரு கூட்டமும் வந்து நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பொருள் பார்த்துக் குறித்து வைத்தும் மறுநாள் குழம்பிவிடுகிறது என்கிறார். இவற்றை நாமும் கடிதங்களில் எழுதலாமா, தவ், தீ, தை என்பவை மரியாதைச் சொற்களா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார். பொருள் அகராதியிலேயே கிடைக்கிறது. பொருள் தெரிந்த பிறகும் ஏன் நினைவில் நிற்கவில்லை, ஒரே பார்வையில் பிரித்தறிய வழி உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். பிழைப்புக்குப் பல வருடங்களாகப் பத்திரங்களையும் கோர்ட் ஆவணங்களையும் தமிழாக்கிக் கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. ஆகவே சொல்லின் பொருள், வழக்கு, வரலாறு இவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உங்கள் பத்திரத்தின் சட்ட விளைவு என்ன என்பதற்குள் போகமாட்டேன்.

வழி உண்டு. அதுவும் தமிழ் தெரிந்தவருக்கு இங்கிலாந்துக்காரரைவிட எளிதான வழி. இங்கே, அங்கே, எங்கே என்று நாம் சொல்லும்போது இ, அ, எ என்ற முதல் எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. இது, அது, எது. இப்படி, அப்படி, எப்படி எல்லாம் அதே கணக்குதான். பள்ளிக்கூடத்தில் சுட்டெழுத்து, வினா எழுத்து என்று மனப்பாடம் செய்தோமே, ஆங்கிலத்திலும் அப்படியே ஒன்று இருக்கிறது. எச் என்று தொடங்கினால் ‘இ’. டி-எச் என்று தொடங்கினால் ‘அ’. டபிள்யூ-எச் என்று தொடங்கினால் ‘எ’. ஹியர், தேர், வேர் என்றால் இங்கே, அங்கே, எங்கே. (தமிழ் எழுத்தில் எழுதினால் கோயில் தேரும் மரத்தின் வேரும் போலத் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இனி வாலைப் பாருங்கள். பழைய ஆங்கிலம் இடத்தை மூன்று விதமாகப் பார்த்தது: ஒருவர் இருக்கும் இடம், போகும் இடம், புறப்பட்ட இடம். இருக்கும் இடத்துக்கு ஹியர், தேர், வேர். போகும் இடத்துக்கு ஹிதர், திதர், விதர். புறப்பட்ட இடத்துக்கு ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். அதாவது ஹிதர் என்றால் இங்கே நோக்கி, விதர் என்றால் எங்கே நோக்கி, தென்ஸ் என்றால் அங்கிருந்து, வென்ஸ் என்றால் எங்கிருந்து. தலை மூன்று, வால் மூன்று, ஆக ஒன்பது சொல். ஒன்பதையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதால்தான் மறந்துபோகிறது. தலையையும் வாலையும் பிரித்துப் பார்த்தால் ஆறு துண்டு. அதில் மூன்று நமக்குத் தாய்மொழியிலேயே பழக்கம்.

இரண்டையும் ஒரே வரியில் பார்க்க வேண்டுமானால் 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள்தான் நல்ல இடம். ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் வீட்டைவிட்டு ஓடிப்போன ஆகாரைப் பாலைவனத்தில் தேவதூதர் சந்திக்கிறார். அவர் கேட்பது: ‘வென்ஸ் கேமஸ்ட் தவ், அண்ட் விதர் வில்ட் தவ் கோ?’ எங்கிருந்து வந்தாய், எங்கே போகப்போகிறாய்? யோவான் 3-ஆம் அதிகாரத்தில் காற்றைப் பற்றிய வசனம் இன்னும் அழகு. காற்று தனக்கு விருப்பமான இடத்தில் வீசுகிறது, அதன் ஓசை உனக்குக் கேட்கிறது, ஆனால் அது வென்ஸ் வருகிறது, விதர் போகிறது என்று உனக்குத் தெரியாது. அந்த ‘அதன் ஓசை’ என்ற இடத்தில் ஆங்கிலத்தில் இருப்பது ‘த சவுண்ட் தேர்ஆஃப்’. உங்கள் பத்திரத்தில் வரும் அதே தேர்ஆஃப். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் மூன்றின் முடிவில் வரும் ‘ஸ்’ ஒலி பழைய ஆங்கிலத்தில் இல்லை. இடைக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட எஸ் அது. பிறகு அதையே சி-ஈ என்று எழுதத் தொடங்கினார்கள். ஒன்ஸ், ட்வைஸ், தரைஸ் ஆகியவற்றில் இருப்பதும் இதே வால்தான். ஜெர்மன் மொழியில் எங்கிருந்து, எங்கே நோக்கி என்பதற்கு வோஹேர், வோஹின் என்ற தனிச் சொற்கள் இன்றைக்கும் தெருவில் புழங்குகின்றன. ஆங்கிலம்தான் சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் வேர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, தேவைப்பட்டால் பின்னால் ‘ஃப்ரம்’ சேர்த்துக்கொண்டது. நாமும் அப்படித்தானே? ‘எங்கே நோக்கிப் போகிறாய்’ என்று யார் கேட்கிறார்கள்? ‘எங்கே போறே’தான்.

இதில் ஒரு சண்டை உண்டு. வென்ஸ் என்றாலே ‘எங்கிருந்து’. அப்படியானால் ‘ஃப்ரம் வென்ஸ்’ என்பது ‘எங்கிருந்திலிருந்து’ ஆகாதா? 1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதைக் கெட்ட வழக்கு என்றே திட்டினார். ஆனால் அதே கிங் ஜேம்ஸ் பைபிளில் 121-ஆம் சங்கீதம் ‘ஃப்ரம் வென்ஸ் கமெத் மை ஹெல்ப்’ என்கிறது. ஷேக்ஸ்பியரும் எழுதியிருக்கிறார். பொருள் எது என்பதில் சந்தேகம் இல்லை. பிழையா இல்லையா என்பதில்தான் இன்றுவரை இரண்டு கட்சி. என்னைக் கேட்டால், படிக்கும்போது கண்டால் விட்டுவிடுங்கள். எழுதும்போது வென்ஸையே தவிர்த்துவிடுங்கள், சண்டைக்கே வேலை இல்லை.

தென்ஸ் என்பதைப் பத்திரக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய எல்லை விவரங்களில், ஒரு கல்லில் தொடங்கி ஓடைக்கரை வரை, ‘தென்ஸ்’ வடக்கே இத்தனை அடி, ‘தென்ஸ்’ கிழக்கே வண்டிப்பாதை வரை என்று போகும். ஒவ்வொரு தென்ஸும் ‘கடைசியாக வந்து நின்ற இடத்திலிருந்து’ என்று பொருள்படும். தொடங்கிய கல்லிலிருந்து என்று எடுத்துக்கொண்டால் நிலத்தின் உருவமே மாறிவிடும். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தென்ஸுக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கடைசிக் கோடு முதல் கல்லில் வந்து முடிய வேண்டும்.

விதர் என்ற சொல்லுக்கு ஒரு போலி உண்டு. டபிள்யூ-எச் போட்டு எழுதினால் எங்கே நோக்கி. எச்-ஐ விட்டுவிட்டால் வாடிப்போதல். இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கங்களுக்கு இந்த விதர் மேல் தனிப் பிரியம். 1933-ல் நேரு ‘விதர் இந்தியா?’ என்ற தலைப்பில் எழுதினார். அதற்குப் பிறகு கல்வி, கிரிக்கெட், கூட்டணி என்று எல்லாவற்றுக்கும் முன்னால் விதர் போட்டுத் தலைப்பு வந்துவிட்டது. ‘எங்கே போகிறது இந்தியா?’ என்பதுதான் அது. வினைச்சொல் இல்லாமலே விதர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இந்தியா வாடுகிறதா என்று படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளில் அதுவும் பொருந்தத்தான் செய்யும்.

வெதர் என்று உச்சரிக்கப்படும் ‘ஆ, இல்லையா’ என்ற சொல்லும் டபிள்யூ-எச் குடும்பம்தான். ஆனால் அதன் வால் வேறு. ஆதியில் அதற்கு ‘இரண்டில் எது’ என்று பொருள். மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் காணிக்கை பெரிதா பலிபீடம் பெரிதா என்று கேட்கும் இடத்தில் ‘வெதர் இஸ் கிரேட்டர்’ என்றே வருகிறது. எது பெரிது என்று பொருள். இன்றைய வாக்கியங்களில் வெதர் வந்தால் பின்னாலேயே ‘ஆர் நாட்’ ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். இரண்டு வழி இருக்கிறது என்பதை அந்தச் சொல் உள்ளுக்குள் வைத்திருக்கிறது.

இந்த ஒன்பதில் இன்றைக்கும் தாராளமாகப் புழங்குவது ஹென்ஸ் ஒன்றுதான் (ஹியர், தேர், வேர் தவிர). அது மூன்று நிலையைக் கடந்து வந்திருக்கிறது. முதலில் இடம்: ‘கெட் தீ ஹென்ஸ்’ என்றால் இங்கிருந்து போ. பிறகு காலம்: ‘டூ இயர்ஸ் ஹென்ஸ்’ என்றால் இப்போதிலிருந்து இரண்டு வருடம் கழித்து. கடைசியில் காரணம்: ஆகவே. மூன்றும் ‘இதிலிருந்து’ என்ற ஒரே கருத்துதான். நடு நிலையில்தான் விபத்து நடக்கிறது. பழைய குத்தகைப் பத்திரத்தில் ‘த்ரீ இயர்ஸ் ஹென்ஸ்’ என்று கண்டு, மூன்று வருடத்துக்கு முன்பு என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்று திருத்தத்துக்கு வந்தது. கெடு முடிந்துபோன மாதிரி ஆகிவிட்டது. ஹென்ஸ் ஒருபோதும் பின்னோக்கிப் பார்க்காது. ஹென்ஸ்ஃபோர்த் என்றால் இன்றுமுதல், தென்ஸ்ஃபோர்த் என்றால் அன்றுமுதல். ஹிதர்டு என்றால் இதுவரை. ஹியர்டுஃபோர் என்றால் இதற்கு முன்பு. தலையில் எச் இருந்தால் ‘இது, இப்போது’ என்பது எங்கும் மாறவில்லை, பாருங்கள்.

சரி, உங்கள் பத்திரத்துக்கு வருவோம். ஹியர், தேர், வேர் என்பவற்றின் பின்னால் ஆஃப், இன், பை, டு, வித், அப்பான் என்று ஏதாவது ஒன்று ஒட்டியிருந்தால் அதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். அங்கே ஹியர் என்பதற்கு ‘இங்கே’ என்று பொருள் இல்லை. ‘இது’ என்று பொருள். தேர் என்றால் ‘அது’. வேர் என்றால் ‘எது’. ஆகவே தேர்ஆஃப் என்றால் ஆஃப் தட், அதாவது அதன். ஹியர்இன் என்றால் இதில். ஹியர்வித் என்றால் இத்துடன். தேர்பை என்றால் அதனால். தேர்அப்பான் என்றால் அதன்மேல், அல்லது அதைத் தொடர்ந்து. தமிழில் வேற்றுமை உருபு எப்போதும் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது என்பதால் இந்த வரிசை நமக்கு இயல்பாகவே இருக்கும். அது-இல், அது-உடன். ஆங்கிலத்தில் மற்ற இடங்களில் இந்த உருபு முன்னால் வரும். இந்தச் சொற்களில் மட்டும் பின்னால் வருகிறது. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே இது கொஞ்சம் அந்நியமாகத் தெரியும்.

தேர்ஆஃப் ஏன் அந்தக் காலத்தில் அவ்வளவு தேவைப்பட்டது என்றால், அஃறிணைக்கு ‘அதன்’ என்று சொல்ல இன்று நாம் எழுதும் ‘இட்ஸ்’ அப்போதுதான் மெல்ல முளைத்துக்கொண்டிருந்தது. 1611-ன் பைபிள் பதிப்பில் அந்தச் சொல்லே இல்லை. ‘ஹிஸ்’ என்று போட்டார்கள், அல்லது தேர்ஆஃப் என்று போட்டார்கள். மற்றவர்கள் இட்ஸுக்கு மாறிய பிறகும் பத்திரம் எழுதுகிறவர்கள் தேர்ஆஃபை விடவில்லை. முன்பு செல்லுபடியான வாசகத்தை மாற்றினால் வம்பு வருமோ என்ற பயம் எல்லா நாட்டுப் பத்திர எழுத்தர்களுக்கும் பொது.

அடுத்து வேர் வரிசை. இங்கேதான் தமிழர்கள் அதிகம் சறுக்குகிறோம். வேர்பை, வேர்இன், வேர்ஆஃப் என்று கண்டதும் ‘எதனால், எதில், எதன்’ என்று கேள்வியாக எடுத்துக்கொள்கிறோம். பத்திரத்தில் இவை கேள்விகள் அல்ல. முன்னால் சொன்ன ஒன்றை அடுத்த வாக்கியத்தோடு கோக்கும் கொக்கிகள். ‘வேர்பை’ என்றால் ‘அதன் மூலம்’ என்று தமிழில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தலையில் டபிள்யூ-எச் இருந்தும் தமிழில் ‘அ’ ஆகும் இடம் இது ஒன்றுதான்.

எந்தப் பத்திரத்தின் கடைசியிலும் வரும் வரியை எடுத்துக்கொள்வோம்: ‘இன் விட்னஸ் வேர்ஆஃப் த பார்ட்டீஸ் ஹியர்டு ஹேவ் ஹியர்அன்டு செட் தேர் ஹேண்ட்ஸ்.’ வேர்ஆஃப் என்பது இதுவரை எழுதியது எல்லாவற்றையும் பிடிக்கிறது: ‘மேலே கண்டவற்றுக்குச் சாட்சியாக’. ஹியர்டு என்பது பார்ட்டீஸைப் பிடிக்கிறது: ‘இதன் தரப்பினர்’. ஹியர்அன்டு என்பது கையெழுத்தைப் பிடிக்கிறது: ‘இதற்கு’. ஆக, மேலே கண்டவற்றுக்குச் சாட்சியாக இப்பத்திரத்தின் தரப்பினர் இதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘தேர் ஹேண்ட்ஸ்’ என்பதில் இருக்கும் தேர் ‘அவர்களுடைய’. அது வேறு எழுத்து, வேறு குடும்பம். நம் பத்திர எழுத்தர்கள் ‘இந்தப்படிக்கு நான் முழு மனதுடன் சம்மதித்து எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம்’ என்று முடிப்பதற்குச் சமானம் இது. ‘இந்தப்படிக்கு’ என்ற சொல் செய்யும் வேலையைத்தான் வேர்ஆஃப் செய்கிறது.

அதேபோல ‘த செட்’, ‘அஃபோர்செட்’ இரண்டும் நம் ‘மேற்படி’. பழைய தமிழ்ப் பத்திரங்களில் ௸ என்று ஒரு சுழியைப் பார்த்திருப்பீர்கள். ‘மேற்படி’ என்று முழுதாக எழுத நேரமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறி. அதையே சிலர் ‘ஷை’ என்று வாசித்து ‘ஷையார்’ என்று மரியாதையும் கொடுத்துவிட்டார்கள். ‘நவ் திஸ் டீட் விட்னஸெத்’ என்பதில் உள்ள ‘எத்’ பழைய வினை விகுதி. இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது என்று பத்திரத்தையே எழுவாய் ஆக்குகிறது. பன்மை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இந்தக் கணக்குக்கு அடங்காத, அல்லது அடங்குவதுபோல் ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. முதலில் வேர்ஃபோர். பார்த்தால் எங்கே என்பதுபோல் இருக்கிறது. பொருளோ ‘எதற்காக, ஏன்’. ஃபோர் வேர், அதாவது எதற்கு. அதற்குப் பதில்தான் தேர்ஃபோர், அதற்காக, ஆகவே. உலகத்திலேயே அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட நாடக வரி இதில்தான் இருக்கிறது. உப்பரிகையில் நிற்கும் ஜூலியட் ‘வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ?’ என்கிறாள். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு இருட்டில் அவனைத் தேடுவதுபோல் பள்ளி நாடகங்களில் நடிக்கிறார்கள், மீம்களிலும் போடுகிறார்கள். அவள் தேடவே இல்லை. அவன் கீழே நிற்பதும் அவளுக்குத் தெரியாது. ‘நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய், எங்கள் பகையாளி வீட்டில்தானா பிறக்க வேண்டும்’ என்பதுதான் அவள் புலம்பல். அடுத்த வரியிலேயே உன் தகப்பனை மறுத்துவிடு, உன் பெயரை உதறிவிடு என்கிறாள். வேர்ஃபோர் என்பதை எங்கே என்று எடுத்தால் அந்த அடுத்த வரிக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது, தேர்ஃபோர் என்பதன் கடைசி ஈ இல்லாத வடிவம். அது எழுத்துப் பிழை இல்லை. ஈ இருந்தால் ஆகவே. ஈ இல்லாவிட்டால் அதற்காக. ‘த பிரைஸ் பெய்டு தேர்ஃபோர்’ என்றால் அதற்காகக் கொடுத்த விலை. பழைய பத்திரத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி தட்டச்சு செய்யும்போது மென்பொருள் தானாக ஒரு ஈ-யைச் சேர்த்துவிடும். மூலத்தோடு ஒப்பிடும்போது இந்த இடத்தைத் தனியாகப் பாருங்கள்.

மூன்றாவது வேர்ஆஸ். இதற்கு இரண்டு முகம். சாதாரணக் கட்டுரையில் ‘அண்ணன் குட்டை, தம்பியோ நெட்டை’ என்பதில் வரும் அந்த ‘ஓ’ போல, எதிரெதிராக நிறுத்தும் சொல். பத்திரத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தால் எதிர்நிலை எதுவும் கிடையாது. ‘இன்ன சங்கதி இப்படி இருக்கிறபடியால்’ என்று பின்னணியைச் சொல்லும் பகுதி அது. நாலைந்து வேர்ஆஸ் அடுக்கி, கடைசியில் ‘நவ் தேர்ஃபோர்’ என்று வரும் இடத்தில்தான் உண்மையான ஒப்பந்தம் தொடங்குகிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம். பிறகு திரும்பி வந்து மேலே பாருங்கள். சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கதை அந்த வேர்ஆஸ்களில்தான் இருக்கும்.

நான்காவது ஹியர்ஆஃப்டரும் ஹியர்இன்ஆஃப்டரும். முன்னது காலம்: இனிமேல். (பெயர்ச்சொல்லாக வந்தால் மறுமை.) பின்னது காகிதம்: இந்த ஆவணத்தில் இதற்குக் கீழே. ‘ஹியர்இன்ஆஃப்டர் கால்டு த வெண்டார்’ என்றால் இப்பத்திரத்தில் இனி ‘விற்பவர்’ என்று குறிக்கப்படுகிறவர். நடுவில் உள்ள ‘இன்’தான் காகிதத்தைக் காட்டுகிறது. இது இலக்கண நூலின் கணக்கு. நடைமுறையில் பழைய எழுத்தர்கள் இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறார்கள். ‘ஹியர்ஆஃப்டர் கால்டு’ என்று கண்டால் இனிமேல்தான் அந்தப் பெயர் வைக்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஹியர்இன் என்ற தனிச்சொல்லில் உண்மையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘இதில்’ என்றால் எதில்? இந்தப் பத்தியிலா, இந்தப் பிரிவிலா, முழு ஆவணத்திலா? சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது. சட்டமொழி கற்பிப்பவர்கள் இந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்வதே இந்தக் குழப்பத்தால்தான். உங்கள் பத்திரத்தில் ஏதாவது நிபந்தனை ஹியர்இன்னைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் மொழிபெயர்ப்பாளர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

குடும்பத்தில் பிறந்து வேறு வேலைக்குப் போனவை இரண்டு: வேர்அபவுட்ஸ் இருப்பிடம் என்ற பெயர்ச்சொல் ஆகிவிட்டது, ‘வேர்வித்ஆல்’ என்ற சொல் கையில் இருக்கும் வசதி, காசு என்று ஆகிவிட்டது. ஃபோர்த்வித் இந்தக் குடும்பமே இல்லை. உடனடியாக என்று பொருள்.

இன்றைக்கும் உயிரோடு, அதிகாரத்தோடு இருப்பது ஹியர்பை. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட நம் அரசமைப்பின் முகப்புரையில் ‘ஹியர்பை அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ் டு அவர்செல்வ்ஸ்’ என்று இருக்கிறது. இதனால், இந்தச் சொல்லாலேயே, ஏற்கிறோம் என்று பொருள். சொல்வதே செயலாக ஆகும் இடங்களில் இது வரும். ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ ஆசிரியர் அப்படிப்பட்ட வினைகளை இனம் காண இதையே ஒரு சோதனையாக வைத்தார். நியமிக்கிறேன், ராஜினாமா செய்கிறேன், உறுதி கூறுகிறேன் என்பவற்றோடு ஹியர்பை பொருந்தும். நடக்கிறேன், சாப்பிடுகிறேன் என்பவற்றோடு பொருந்தாது. நம் ஊர் பயோடேட்டாவின் அடியில் ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ என்று எல்லோரும் எழுதுகிறோமே, இலக்கணப்படி அது சரிதான். வேலை கிடைக்க அது உதவுமா என்பது வேறு விஷயம்.

தவ், தீ, தை, தைன் பற்றி. நிச்சயமாகச் சொல்லலாம், இவை மரியாதைச் சொற்கள் அல்ல. தவ் என்றால் நீ. தீ என்றால் உன்னை, உனக்கு. தை என்றால் உன். தைன் என்றால் உன்னுடையது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் தை என்பதற்குப் பதிலாகவும் தைன் வரும். பன்மையாக இருந்த ‘யூ’தான் நம் ‘நீங்கள்’ போல மரியாதை ஒருமையாக மாறி, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 1603-ல் ராஜதுரோக வழக்கில் சர் வால்டர் ராலேயைக் குறுக்கு விசாரித்த எட்வர்ட் கோக், அவரைப் பார்த்து ‘ஐ தவ் தீ, தவ் டிரெய்ட்டர்’ என்று கத்தினார். ‘உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே’ என்று அர்த்தம். தவ்வை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார். பைபிளிலும் ஜெபங்களிலும் மட்டும் மிஞ்சியதால் அதற்கு ஒரு புனித வாசனை பின்னால் வந்தது. தமிழ் பைபிள் கடவுளை ‘நீர்’ என்று அழைப்பதால், ஆங்கிலத்தில் அதே இடத்தில் நிற்கும் தவ்வும் மரியாதைச் சொல் என்று நம்மில் பலர் எடுத்துக்கொண்டோம். அப்பர் ‘அப்பன் நீ அம்மை நீ’ என்று பாடியதுதான் தவ்வுக்குச் சரியான தமிழ். ‘யீ’ என்பது பழைய பன்மை எழுவாய். ஆனால் கடைப்பலகைகளில் வரும் ‘யீ ஓல்ட்’ அது இல்லை. டி-எச் ஒலிக்கு இருந்த பழைய எழுத்து ஒன்றை ஒய் போல எழுதியதால் வந்த தோற்றம். அதை ‘த’ என்றுதான் வாசிக்க வேண்டும்.

இவற்றை நாமும் எழுதலாமா? ஹென்ஸ், ஹியர்பை, கட்டுரையில் ஹிதர்டு, வேர்ஆஸ், வேர்பை வரை தாராளமாக எழுதலாம். மற்றவை வேண்டாம். ‘ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்டு ஹியர்வித்’ என்பதில் என்க்ளோஸ்டு என்றாலே இத்துடன் இருக்கிறது என்று ஆகிவிட்டது, ஹியர்வித் எதற்கு? அமெரிக்காவில் அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும் என்று 2010-ல் சட்டமே போட்டார்கள். இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1999 முதல் ‘பிளெயின்டிஃப்’ என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டன. நாம்தான் மனுவின் கடைசியில் ‘ஹென்ஸ் திஸ் பெட்டிஷன்’ என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய சொல்லுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது என்ற மயக்கம் எல்லா மொழியிலும் உண்டு. ஃப்ளெக்ஸ் பேனர்களில் ‘இப்படிக்கு’ என்ற இடத்தில் ‘இவண்’ என்று போடுகிறார்களே, அதற்கு ‘இவ்விடம்’ என்று பொருள் என்பது போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்திரத்தில் இன்னும் ஏதாவது இடம் புரியவில்லை என்றால் ஒற்றைச் சொல்லை மட்டும் போடாமல் முழு வாக்கியத்தையும், அதற்கு முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துப் போடுங்கள். தேர்ஆஃப் எதைப் பிடிக்கிறது என்பது முந்தைய வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும். பெயர்களையும் சர்வே எண்ணையும் அழித்துவிட்டுப் போடுங்கள்.